மாடித் தொட்டியில் எந்தப் பருத்தி: கருங்கண்ணியா, அமெரிக்கக் கலப்பினமா?

விளக்குத் திரிக்கு வீட்டிலேயே பஞ்சு எடுக்க வேண்டும் என்ற எண்ணத்தில், மூன்று ஆண்டுகளுக்கு முன் தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டைமாடியில் இரண்டு வகைப் பருத்தியையும் பக்கத்துப் பக்கத்தில் தொட்டிகளில் வைத்தேன். ஒன்று, பெரம்பலூர்ப் பக்கம் பருத்தி போடும் உறவினர் கொடுத்தனுப்பிய அமெரிக்க வகைக் கலப்பினம்; மற்றொன்று, கரிசல் பூமியிலிருந்து வந்த நாட்டுப் பருத்தியான கருங்கண்ணி. இன்று மாடியில் ஆறு தொட்டிகளிலும் கருங்கண்ணி மட்டுமே நிற்கிறது.

பஞ்சை மட்டும் பார்த்தால் கலப்பினமே மேல். காய் பெரிது, இழை நீளம். 1996இல் மூடப்படும் வரை பி அண்டு சி துணி மில்லில் வேலை பார்த்த என் தந்தை, இரண்டு பஞ்சையும் விரல்களுக்கிடையே இழுத்துப் பார்த்துவிட்டு, நூலுக்கு ஏற்றது கலப்பினம்தான் என்று உடனே சொன்னார். ஆனால் திரிக்கு நீள இழை தேவையில்லை; கருங்கண்ணியின் குட்டையான, சற்று முரடான பஞ்சு எண்ணெயை நன்றாகவே உறிஞ்சுகிறது. தண்ணீர், உரம், கடற்காற்று ஆகியவற்றில் இரண்டுக்கும் பெரிய வேறுபாட்டை நான் காணவில்லை.

என் முடிவை மாற்றியது நச்சுயிரி (வைரஸ்) நோய். இரண்டாம் ஆண்டு, தை முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும், முதலில் வெண்டைச் செடிகளின் இலைகளில் நரம்புகள் மஞ்சள் வலைபோலத் தெரிந்தன. அது வெள்ளை ஈ கொண்டுவரும் மஞ்சள் நரம்புத் தேமல் நோய். பத்து நாள் கழித்துக் கலப்பினப் பருத்தியின் கொழுந்து இலைகள் கிண்ணம்போல மேல்நோக்கிக் குவிந்தன. ஓர் இலையைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தபோது, சிறு நரம்புகள்கூடத் தடித்துக் கரும்பச்சையாகத் தெரிந்தன. செடியைத் தட்டினால் மாவு பறப்பதுபோல வெள்ளை ஈக்கள் எழும்பி, மீண்டும் இலையடியில் போய் உட்கார்ந்தன. ஒரு முழம் தள்ளி நின்ற கருங்கண்ணியின் இலையடியிலும் அதே ஈக்கள் இருந்தன. ஆனால் அதன் இலைகள் கடைசி வரை தட்டையாகவே இருந்தன.

தத்துப்பூச்சி சாறு உறிஞ்சினாலும் இலை சுருளும் என்பதால், ஆய்வகத்தில் சோதிக்காமல் இதை, வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரியால் பருத்திக்கு வரும் இலைச்சுருட்டு நோய் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். தத்துப்பூச்சியால் வருவதானால் இலையோரம் மஞ்சளாகிப் பின் சிவந்து காயும். இங்கே ஓரம் பச்சையாகவே இருந்ததாலும் நரம்பு தடித்ததாலும் நச்சுயிரி என்றே கருதுகிறேன். இந்நோயின் பெரும் சேதம் வட மாநிலங்களில்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1912இல் நைஜீரியாவிலும் 1967இல் பாகிஸ்தானின் முல்தான் அருகிலும் காணப்பட்ட இலைச்சுருட்டு நோய், 1993இல் ராஜஸ்தானின் ஸ்ரீகங்காநகரில் அமெரிக்க வகைப் பருத்தியைத் தாக்கியது. தாக்குப்பிடிக்கும் என்று பாகிஸ்தானில் உருவாக்கப்பட்ட அமெரிக்க வகை ரகங்களும் 2001 வாக்கில் புரேவாலாப் பகுதியில் தோன்றிய புதிய நச்சுயிரிக்கு ஈடுகொடுக்க முடியாமல் வீழ்ந்தன. அதே வட்டாரங்களில் நாட்டுப் பருத்தி இனத்தை மட்டும் இந்நோய் வயலில் தொடவில்லை. மரபணு மாற்றிய பி.டி. விதை என்றால் எல்லாவற்றையும் தாங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அதிலுள்ள நஞ்சு காய்ப்புழுக்களுக்கானது, வெள்ளை ஈயையோ நச்சுயிரியையோ அது தடுக்காது.

நோய் வந்த செடிக்கு மருந்து கிடையாது, வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்தலாம், அவ்வளவுதான். வயலில் ஊரார் சேர்ந்து நோயுற்ற செடிகளையும் களைகளையும் அழிக்க முடியும். எங்கள் தெருவில் மாடிகள் ஒன்றையொன்று ஒட்டியிருக்கின்றன. பக்கத்து மாடியில் செம்பருத்தி, எதிர்மாடியில் தக்காளியும் கத்தரியும். என் மாடியில் மஞ்சள் ஒட்டும் அட்டை தொங்கவிட்டு, வேப்பெண்ணெய்க் கரைசலை வாரம் தவறாமல் தெளித்தாலும், நான்காம் நாள் அங்கிருந்து ஈக்கள் வந்துவிடுகின்றன. துணி காயப்போடும் கொடியும் குடிநீர்த் தொட்டியும் இருக்கும் இடத்தில் கடுமையான பூச்சிமருந்தை அடிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஈயைத் தடுக்க முடியாத இடத்தில், ஈ உட்கார்ந்தாலும் நோய் ஏறாத செடிதான் ஒரே வழி என்று நான் முடிவு செய்தது இதனால்தான்.

கருங்கண்ணிக்கு எந்த நச்சுயிரியும் வராது என்று இதற்குப் பொருளல்ல. இலைப்பேன் வழியாகவும் மகரந்தம் வழியாகவும் பரவும் புகையிலைக் கீற்று நச்சுயிரி என்று ஒன்று உண்டு. பார்த்தீனியச் செடி அறிகுறி காட்டாமலே அதைச் சுமந்து நிற்கும். என் செடிகளுக்கு அது வந்ததில்லை என்றாலும், மூன்று பருவத்து அனுபவத்தை வைத்து உறுதி தர முடியாது. வீட்டைச் சுற்றி முளைக்கும் பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன், கையுறை போட்டுக்கொண்டு வேரோடு பிடுங்கிவிடுகிறேன்.

பஞ்சின் வெண்மைக்காகக் கலப்பினத்தையே விரும்புவோர், ஆடியில் விதைத்து, காய் வெடித்துப் பஞ்சு எடுத்ததும் செடியைப் பிடுங்கிவிடட்டும். மறுதாம்பாக, அதாவது அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்த்துக் காய்க்கும் என்று வெட்டிவிட்டு வெயில் காலம் முழுக்க வைத்திருந்தால், அந்த ஒரு செடியே அடுத்த பருவத்துக்கு நோயைச் சேர்த்து வைக்கும். என் இரண்டாம் ஆண்டுச் செடிகள் அப்படி விட்டுவைத்தவைதான்.