காபி லிக்யூர் வாங்கித் தருகிறேன் என்று வருபவரிடம் உஷார்

வீட்டு விசேஷங்களுக்கு ‘பார்’ அமைத்துத் தருவதாக இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போடும் ஒருவர், என்னிடம் ரூ. 4,500 வாங்கிக்கொண்டு போலி காபி லிக்யூர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார். பணம் போனதுகூடப் பெரிதில்லை. அந்த பாட்டிலுக்குள் என்ன இருந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன். தண்டையார்பேட்டை, ராயபுரம், பெரம்பூர் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அவர் இந்தப் பகுதியைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறார்.

என் சித்தப்பா கப்பலில் பார் ஸ்டூவர்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அக்டோபர் முதல் வாரம் அவருக்குப் பிறந்தநாள். மொட்டைமாடியில் சொந்தக்காரர்கள் மட்டும் கூடுவது, தன் கையால் எல்லோருக்கும் ஐரிஷ் காபி (விஸ்கி கலந்து மேலே கிரீம் விட்ட சூடான காபி) போட்டுத் தருவது என்று அவரே திட்டம் போட்டார். அவருடைய பாணியில் விஸ்கியோடு ஒரு வாய் கலுவாவும் சேரும். கலுவா என்பது 1936-இல் மெக்சிகோவின் வெராக்ரூஸில் பிறந்த காபி லிக்யூர், அதாவது காபி ருசியுள்ள இனிப்பு மது: ரம், சர்க்கரை, காபி, கொஞ்சம் வனிலா.

எங்கள் பக்கத்து டாஸ்மாக் கடையில் போய் இதைக் கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். உயர்ரக மது விற்கும் டாஸ்மாக்கின் எலைட் கடைகளில் விசாரித்தோம். வந்தால் வரும் என்றார்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்களிடம் சொல்லிவைக்கலாம், ஆனால் அந்த வாரம் வருகிறவர் யாரும் இல்லை. அந்த நேரத்தில்தான் இந்த ஆள். மேசை, கண்ணாடி கிளாஸ், ஐஸ், கிரீம் எல்லாம் அவர் பொறுப்பாம். கலுவாவையும் எலைட் கடையில் நம் சார்பாக வாங்கி, பில்லோடு தருவாராம். முழுப் பணமும் முன்கூட்டியே ஜிபே.

சொன்ன நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார். கண்ணாடி கிளாஸ் இல்லை, பேப்பர் கப். கிரீம் என்று கொண்டுவந்தது கேக் மேல் பூசும், ஏற்கெனவே இனிப்புப் போட்ட, தாவரக் கொழுப்பு கிரீம். ஐரிஷ் காபிக்குக் கொழுப்பு 35 சதவீதம் இருக்கும் பால் கிரீமைப் பாதி அடித்து, ஊற்றினால் வழிகிற பதத்தில், கரண்டியின் முதுகு மேல் மெதுவாக விட வேண்டும். இதையெல்லாம் சித்தப்பா ஃபோனில் அவருக்கு விளக்கமாகச் சொல்லியிருந்தார். சரி, விசேஷ நாளில் வாக்குவாதம் வேண்டாம் என்று விட்டோம். பாட்டிலைக் கையில் கொடுத்தார், ‘இன்னொரு ஆர்டர் இருக்கு ப்ரோ’ என்று கிளம்பிவிட்டார்.

பாட்டில் பார்வைக்கு அசல்தான். லேபிள் சுத்தம், மூடியும் ‘டக்’ என்றுதான் திறந்தது. சித்தப்பா கப்பில் ஊற்றியவர் பாதியில் கையை நிறுத்தினார்.

“இன்னாடா இது, தண்ணி மாதிரி ஓடுது?”

அப்புறம் அவர் செய்ததை எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஒரு கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் பிடித்து, ஓரமாக அந்தச் சரக்கைக் கொஞ்சம் விட்டார். அசல் காபி லிக்யூரில் சர்க்கரை அதிகம், அதனால் தண்ணீரைவிடக் கனம். அடியில் போய்ப் பழுப்பாகப் படிய வேண்டும். பி-52 என்று மூன்று அடுக்காக ஊற்றித் தரும் பானத்தில் கலுவாவுக்கு எப்போதும் அடித்தட்டுதான் இடம், காரணம் இதே கனம். எங்கள் டம்ளரிலோ விட்ட மாத்திரத்தில் எல்லாம் கலங்கி, கழுநீர் மாதிரி ஆகிவிட்டது. மோந்து பார்த்தால் இன்ஸ்டன்ட் காபித்தூளும் எசன்ஸும். ஆனால் ஒன்று: இந்தச் சோதனையில் தோற்றால் போலி என்று சொல்லலாம், தேறினால் அசல் என்று சொல்ல முடியாது. சர்க்கரைப் பாகு கலந்தால் எதுவும் அடியில் போய் உட்காரும்.

அடுத்து பில். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த ஃபோட்டோவைச் சித்தப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். தேதி அக்டோபர் 2.

“காந்தி ஜெயந்தி அன்னிக்கு எந்தக் கடைடா தொறந்திருந்துச்சு?”

மாடி முழுக்கச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அதற்குள் என் மச்சான் ஒரு மடக்குக் குடித்திருந்தார்.

உடனே அந்த ஆளைக் கூப்பிட்டேன். முதலில் ‘பேட்ச் மாறிடுச்சு ப்ரோ, புது டேஸ்ட்’ என்றார். பில் தேதியைக் கேட்டதும் ‘மிஷின்ல டேட் தப்பா இருக்கும்’ என்றார். பணத்தைத் திருப்பிக் கொடு என்றதும் ‘சீல் ஒடச்சா ரிட்டர்ன் இல்ல’ என்று ஒரே வரி. அதோடு பிளாக்.

காலி பாட்டிலை மூடியோடு வாங்கி, உள்ளே எதையாவது நிரப்பி, புதிதுபோல மூடித் தள்ளுவது பழைய தொழில். விலை உயர்ந்த, இங்கே அதிகம் பேர் ருசி பார்த்திராத சரக்கு என்றால் இன்னும் வசதி, வித்தியாசம் யாருக்கும் தெரியாது. உள்ளே மட்டமான பிராந்தியும் காபித்தூளுமாக இருந்தால் நஷ்டம் காசோடு போகும். விஷச் சாராயத்தில் இருக்கும் மெத்தனால் என்றால்? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தது அதனால்தான். மெத்தனாலை வாசனையிலோ நிறத்திலோ கண்டுபிடிக்க முடியாது. பற்றவைத்து நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு என்று சொல்வதும் வெறும் கதை, மெத்தனாலும் நீலமாகத்தான் எரியும். குடித்த உடனே ஒன்றும் தெரியாது. உடம்பு அதை ஃபார்மிக் அமிலமாக மாற்ற நேரம் பிடிக்கும். பல மணி நேரம் கழித்து வாந்தி, வயிற்றுவலி, கண் மங்கல் என்று ஆரம்பிக்கும். கண் நரம்பைத் தாக்குவது அந்த அமிலம்தான். சீக்கிரம் போனால் மாற்று மருந்து உண்டு. அதனால் மச்சானை அப்போதே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம், கையோடு அந்த பாட்டிலையும். கடவுள் புண்ணியத்தில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறந்தநாள் கேக்கை மறுநாள்தான் வெட்டினோம்.

தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் ஒன்றுக்குத்தான், 2003-இலிருந்து. டாஸ்மாக் வீட்டுக்குக் கொண்டுவந்தும் தருவதில்லை. ஆக, ‘டெலிவரி’ என்று யாராவது சொன்னாலே பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். ‘கப்பல் சரக்கு’, ‘டியூட்டி ஃப்ரீ’ என்று துறைமுகத்துப் பக்கம் காதில் விழுவதும் அதே ரகம். டியூட்டி ஃப்ரீ என்பது பயணி தனக்காகக் கொண்டுவருவது, விற்பதற்கு இல்லை. நேரில் கடையில் வாங்கினாலும் மூடிமேல் ஹாலோகிராம் ஒட்டியிருக்கிறதா, இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் உள்ள லேபிள் இருக்கிறதா என்று பாருங்கள். காலி பாட்டிலைக் காயலான் கடைக்குப் போடும் முன் லேபிளைக் கிழித்துவிடுங்கள்.

இத்தனை கூத்துக்கும் காரணமான அந்த லிக்யூர் ஐரிஷ் காபிக்குத் தேவையே இல்லை! இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அயர்லாந்தின் ஃபோய்ன்ஸ் நீர் விமான நிலையத்தில் ஜோ ஷெரிடன் குளிரில் நடுங்கிய பயணிகளுக்குப் போட்டுத் தந்தது விஸ்கி, காபி, சர்க்கரை, கிரீம், அவ்வளவுதான். 1952-இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் புவேனா விஸ்டா கஃபே அதை அமெரிக்காவில் பிரபலமாக்கியபோதும் அதே நான்குதான். கலுவா ருசிதான் வேண்டும் என்றால், சிக்கரி கலக்காத கெட்டி டிகாஷனில் வெல்லச் சர்க்கரையைக் கரைத்து, கடையில் சீலோடு வாங்கிய டார்க் ரம் கொஞ்சம் விட்டால் கிட்டத்தட்ட வந்துவிடும். அடுத்த ஞாயிறு சித்தப்பா அப்படித்தான் போட்டார். கிரீம் தங்கமாக மிதந்தது.

சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு ஃபோன் செய்து பண மோசடிப் புகார் கொடுத்தாகிவிட்டது. மதுவிலக்குப் பிரிவின் 10581-க்கும் ஃபோன் செய்து, பில் ஃபோட்டோவும் அவருடைய நம்பரும் என்னிடம் இருப்பதைச் சொல்லியிருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை. அந்த இன்ஸ்டாகிராம் கணக்கு காணாமல் போய், போன வாரம் வேறு பெயரில் அதே பாட்டில் படத்தோடு முளைத்திருக்கிறது. ‘இம்போர்ட்டட், வித் பில்’ என்று இப்போதும் போட்டிருக்கிறார்.