மூன்றாம் தொகுதியும் மோட்டார் சைக்கிள் சாவியும்

மகன் தரம் ஒன்பது முடிக்கப் போகிறான். போன கிழமை பள்ளிக்கூடத்தில் கொடுத்த தாளொன்றை மேசையில் வைத்துவிட்டு, "அம்மா, மூன்றாம் தொகுதிக்கு என்ன போட?" என்று கேட்டான். இங்கே இலங்கையில் பதினொராம் தரத்தில் எழுதும் சாதாரணதரப் பரீட்சைக்கு ஒன்பது பாடம். சமயம், தமிழ், ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆறும் கட்டாயம். மிச்சம் மூன்றையும் மூன்று தொகுதிகளிலிருந்து நாமே தெரிய வேண்டும். மூன்றாம் தொகுதியில் ஐ.சி.ரி. என்ற தகவல் தொடர்பாடல் தொழினுட்பம், விவசாயம், மனைப் பொருளியல் எல்லாவற்றோடும் சுகாதாரமும் உடற்கல்வியும் கிடக்கிறது. இவர், மகனின் அப்பா, ஐ.சி.ரி. என்றார். மகன் உடற்கல்வி என்றான். "படிச்சு பி.ரி. மாஸ்டராவா வரப்போறாய்?" என்று இவர் கேட்டார். அதோடு கதை நின்றது.

அன்றிரவு கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்து ஸ்காபரோவில் இருக்கும் அக்கா எடுத்தபோது இதைச் சொன்னேன். அவள் தன் கதையைத் தொடங்கினாள். அவளுடைய மகளுக்கு, என் பெறாமகளுக்கு, பதினாறு ஆகிவிட்டது, ஜி1 என்ற முதற்படிப் பழகுநர் அனுமதி எடுத்துவிட்டாள், இனிக் கார் கேட்பாள். எனக்கு இன்னொரு கதை நினைவு வந்தது. என்னோடு படித்த ஒருத்தி அமெரிக்காவில் சிக்காகோவுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். அவளுடைய மகன் பள்ளிக்கூடத்துக் காரிலேயே ஓடப் பழகினான். சிக்காகோ இருக்கும் இலினோய் மாநிலத்தில் பல உயர்நிலைப் பள்ளிகளில் சுகாதாரம், உடற்கல்வி, வாகனம் ஓட்டப் பழக்குதல் மூன்றும் ஒரே பிரிவுக்குள் வருகிறதாம். காலையில் விசில் ஊதி ஓடவிட்ட மாஸ்டரே பின்னேரம் பக்கத்து ஆசனத்தில் இருந்து, தன் பக்கத்துப் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு பிள்ளையைத் தெருவுக்குக் கூட்டிப் போவார். முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு இலினோய், ஒன்ராறியோ, எங்கள் ஊர் மூன்று இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தொடங்கினேன்.

உடற்கல்வியில் இலினோய் கிட்டே மற்ற இரண்டும் வர முடியாது. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைக்கும் ஒவ்வொரு நாளும் உடற்கல்வி என்று அங்கே சட்டம் இருந்தது. 2017இல் அதைத் தளர்த்தி, கிழமைக்குக் குறைந்தது மூன்று நாள் என்றார்கள். சில பிள்ளைகளுக்கு விலக்கு உண்டு. ஒன்ராறியோவில் 30 கிரெடிற் எடுத்தால் பள்ளிப் படிப்பு முடியும். அதில் ஒன்றே ஒன்றுதான் சுகாதாரம், உடற்கல்வி. ஒரு கிரெடிற் என்றால் 110 மணித்தியாலம். பெறாமகள் அதை முதல் வருடமே முடித்துவிட்டு ஜிம் பக்கம் போகவில்லை.

எங்களிடம் தரம் ஆறிலிருந்து ஒன்பது வரை கட்டாயம், பத்திலும் பதினொன்றிலும் விரும்பினால். உயர்தரத்துக்குப் போனால் பிள்ளை ரியூசன் வாங்கில்தான். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் விளையாட்டு, பாட அட்டவணைக்கு வெளியே நடக்கிற விளையாட்டு. தை, மாசியில் பள்ளிக்கூட இல்லங்களுக்கிடையிலான மெய்வல்லுநர் போட்டி வந்தால் அப்பாமாரும் கொடி பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பங்குனியில் யாழ்ப்பாணத்துச் சென்ரல் கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் கிரிக்கெட்டில் மோதும் 'வடக்கின் பெரும் சமர்' வந்தால் பாதி ஊர் மைதானத்தில். தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியிலிருந்து கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனை வைத்த அனித்தா ஜெகதீஸ்வரன் வந்தார். ஓடத் தெரிந்த பிள்ளைக்கு இங்கே குறையில்லை. ஓடத் தெரியாத பிள்ளைக்கு மர நிழல். இலினோயில் அந்தப் பிள்ளையும் ஓட வேண்டும். அதுதான் பெரிய வித்தியாசம்.

சுகாதாரம் என்று பார்த்தால், புத்தகத்தில் நாங்கள் ஒன்றும் குறைவில்லை. மகனுடைய புத்தகத்தைப் புரட்டினேன். செம்மையான கொண்ணிலை (உடலைச் சரியாக வைத்திருக்கும் நிலை), உடற்றிணிவுச் சுட்டி (பி.எம்.ஐ.), போசணை, முதலுதவி எல்லாம் இருக்கிறது. இனப்பெருக்கத் தொகுதி பற்றிய பக்கங்களும் இருக்கின்றன. அவை மட்டும் புதுக்கருக்குக் குலையாமல் இருந்தன. "சேர் வீட்ட வாசிக்கச் சொன்னவர்" என்றான். நான் படித்த காலத்தில் ரீச்சரும் அதையேதான் சொன்னார். அப்போதும் ஒருவரும் வீட்டில் வாசிக்கவில்லை, அல்லது அதை மட்டும்தான் வாசித்தோம். இலினோயில், இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்திக் காப்பாற்றும் சி.பி.ஆர். எப்படிச் செய்வது என்று காட்டிப் பழக்குவது பள்ளிக்கூடத்தின் கடமை. எங்கள் பிள்ளைக்கு அது பரீட்சைத் தாளில் ஒரு விடை.

சரி, வண்டிக்கு வருவோம்.

இலினோய்ப் பிள்ளைக்குப் பதினைந்தில் பழகுநர் அனுமதி. வகுப்பில் 30 மணித்தியாலம், ஆசிரியரோடு தெருவில் 6 மணித்தியாலம். இதைத் தவிர, தாயோ தகப்பனோ பக்கத்தில் இருந்து 50 மணித்தியாலம் ஓடவிட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். அதில் 10 மணித்தியாலம் இரவில். அனுமதி எடுத்து ஒன்பது மாதம் போக வேண்டும், பதினாறும் ஆக வேண்டும், அதற்குப் பிறகுதான் லைசென்ஸ். அரசுப் பள்ளி இதற்கு வாங்குவது வழமையாக 50 டொலர், கூட்டம் வைத்துக் கேட்டு 250 வரை ஏற்றலாம். முந்திய இரண்டு தவணையில் எட்டுப் பாடமாவது சித்தியடையாத பிள்ளைக்கு வகுப்பில் இடமில்லை. இந்தக் கடைசி விதியை எங்கள் பெற்றோர் கேட்டால் நாளைக்கே இங்கே கொண்டு வா என்பார்கள்.

ஒன்ராறியோ பள்ளிக்கூடத்தை இதற்குள் இழுக்கவில்லை. பதினாறில் 40 கேள்விக்கு விடை எழுதினால் ஜி1. பக்கத்தில் குறைந்தது நான்கு வருட அனுபவமுள்ள ஆள் இருக்க வேண்டும், நடுச்சாமத்திலிருந்து விடிய ஐந்து வரை ஓட முடியாது. அடுத்த படிக்குப் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற தனியார் பாடசாலையில் வகுப்பில் 20, வாகனத்தில் 10 மணித்தியாலம் உட்பட 40 மணித்தியாலப் பயிற்சி முடித்தால் எட்டு மாதத்தில் போகலாம். அக்கா அந்தக் காசைக் கட்டியது பாதுகாப்புக்காக என்று சொல்லவில்லை. "இன்சூரன்ஸ் குறையும்" என்றாள்.

எங்களிடம் லைசென்ஸுக்குப் பதினெட்டு. மருத்துவச் சான்றிதழ், இங்கேயும் 40 கேள்விகள், எல் பலகை, பிறகு ட்ரயல் என்ற ஓட்டப் பரீட்சை. கடதாசியில் மூன்று இடத்திலும் நாங்கள்தான் கடும் கண்டிப்பு. ஆனால் கடதாசி எங்கே, ஒழுங்கை எங்கே? சாதாரணதரப் பரீட்சை முடிந்த அடுத்த நாள் எங்கள் ஒழுங்கையில் நின்று பாருங்கள். பதினாறு வயதுப் பெடியன்கள் மூன்று பேர், அண்ணாவின் மோட்டார் சைக்கிளில், நடுவில் இருப்பவன் கையில் கொழுவியபடி ஒரு ஹெல்மெட். பழக்கியவர் யார்? மாமா. எங்கே? கோயில் வெளி வீதியில். எத்தனை நாள்? ஒரு பின்னேரம்.

லேனர்ஸ் என்று நாங்கள் சொல்லும், காசுக்கு ஓடப் பழக்கும் இடங்கள் மட்டும் திறமா என்றால், நான் பழகிய இடத்தைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் என்றார்கள். அதில் பாதி, எனக்கு முதல் பழகிய பிள்ளையை வீட்டில் இறக்கப் போய்விடும். மிச்சப் பாதியில் ட்ரயலுக்கு என்ன கேட்பார்களோ அதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்வித்தார்கள். லைசென்ஸ் கைக்கு வந்தது. மழைக்குள், இரவில், எதிரே பஸ் முழு லைற்றைப் போட்டுக்கொண்டு வரும்போது என்ன செய்வதென்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. அந்தப் பத்து மணித்தியால இரவு ஓட்டம் என்ற விதியைக் கேட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது.

அதற்காக அமெரிக்க முறையைத் தலையில் வைத்து ஆடவும் முடியாது. 1970களின் கடைசியில் ஜோர்ஜியா மாநிலத்து டிகால்ப் கவுண்டியில் ஏறக்குறைய 16,000 பிள்ளைகளைப் பிரித்து, பள்ளியில் ஓடப் பழகியவர்களையும் பழகாதவர்களையும் ஒப்பிட்டார்கள். பழகியவர்களுக்குக் கிடைத்த நன்மை சிறிது, அதுவும் கனநாள் நிலைக்கவில்லை. பிள்ளையைக் காப்பாற்றுவது வகுப்பைவிட, படிப்படியாகக் கொடுக்கும் அனுமதி. லைசென்ஸ் எடுத்த முதல் வருடம் இலினோய்ப் பெடியன் இருபது வயதுக்குக் குறைந்த ஒரு ஆளைத்தான் ஏற்றலாம், வீட்டுச் சகோதரங்கள் தவிர. இந்த ஒரு விதி இங்கே இருந்து, அதை மறித்துப் பிடிக்க ஆளும் இருந்தால், அந்த மூன்று பேர் மோட்டார் சைக்கிள் கதை பாதி குறையும்.

இவ்வளவும் ஒப்பிட்ட பிறகுதான் ஒன்று பிடிபட்டது. இலினோய்ப் பிள்ளை பதினைந்தில் தெருவுக்கு வருகிறது, ஒன்ராறியோப் பிள்ளை பதினாறில். எங்கள் பிள்ளை பதினெட்டில் வருவதில்லை. பதினொரு வயதில், தரம் ஆறில், சைக்கிளில் வந்துவிடுகிறது. விடிய ஒரு ரியூசன், பள்ளிக்கூடம், பின்னேரம் இன்னொரு ரியூசன். பலாலி வீதியில் மினிபஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் நடுவில், இரண்டு பேர் சமாந்தரமாகக் கதைத்துக்கொண்டு, லைற் இல்லாமல். 1990இல் நின்ற ரயில் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 தொடக்கத்தில் காங்கேசன்துறைக்கும் திரும்ப வந்தது. ரயில் இல்லாமல் வளர்ந்த நாங்கள், கடவையில் நின்று இரண்டு பக்கமும் பார் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கவே பழகவில்லை. கேற் இல்லாத கடவைகளில் ஆட்கள் செத்த பிறகுதான் அதைப் பற்றிக் கதைக்கிறோம்.

ஆகவே எனக்குப் பள்ளிக்கூடக் கார் வேண்டாம். எங்கள் பள்ளிகளுக்கு அது கட்டுப்படியாகவும் ஆகாது. கட்டாயமாக இருக்கும் அந்த நான்கு வருட உடற்கல்விப் பாடவேளைக்குள், மழை பெய்து மைதானம் சேறாகிற நாட்களையாவது சைக்கிளுக்குக் கொடுக்கலாம். திரும்புவதற்கு முதல் கை காட்டுவது, சந்தியில் யாருக்கு முதலிடம், நிற்கும் பஸ்ஸை எந்தப் பக்கத்தால் கடப்பது, கடவை. இலினோயின் 30 மணித்தியால வகுப்பிலும் வீதி விதிகள் வருகின்றன, இங்கே காருக்குப் பதில் சைக்கிள். ஓட்டப் பழக்குவதை ஒன்ராறியோ மாதிரி வெளியே விடலாம், ஆனால் இலினோயின் அந்த 50 மணித்தியாலக் கையெழுத்தையும் அதோடு கேட்க வேண்டும்.

தாளுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். உடற்கல்வி என்று எழுதி, இவரும் கையெழுத்து வைத்துவிட்டார். ஐ.சி.ரி. வெளியே படிக்கலாம் என்பது அவருடைய சமாதானம். மகன் அதோடு விடவில்லை. "அம்மா, அந்த அம்பது மணித்தியாலம், சைக்கிள் ஓடினாலும் கணக்கில வருமா?" என்று கேட்டான். வரும் என்று சொல்லி, பழைய கொப்பியொன்றில் கோடு போட்டுக் கொடுத்தேன். நாள், எங்கிருந்து எங்கே, எத்தனை நிமிடம், இரவா பகலா. நேற்று முதல் வரி எழுதினான்: ரியூசனிலிருந்து வீடு, 20 நிமிடம், இரவு. கீழே நான் கையெழுத்து வைக்க முதல், சைக்கிளுக்கு லைற் வாங்கக் காசு கேட்டான்.