முற்றொருமையைச் சரிபார்க்க: முழு எண்ணா, பின்னமா, விரித்தெழுதுவதா?

(க + ச)² = க² + 2கச + ச² என்ற முற்றொருமையை, அதாவது மாறிகளுக்கு எந்த மதிப்பைத் தந்தாலும் உண்மையாகும் சமன்பாட்டை, சரிபார்க்கச் சொன்னால், மாணவர்கள் பலர் க = 1, ச = 2 என்று பிரதியிட்டு, இருபுறமும் 9 வருவதைக் கண்டு நிறைவடைகிறார்கள். கணக்கு எளிதுதான். ஆனால் 1-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினாலும் 1 என்பதால், நடு உறுப்பை 2க²ச என்று தவறாக எழுதியவருக்கும் இதே மதிப்புகள் 9-ஐத்தான் தரும். 0 இன்னும் மோசம். நடு உறுப்பையே மறந்தவரின் விடையும் அதில் தப்பிவிடும்.

க = 1/3, ச = 1/5 என்று எடுத்துக்கொண்டால் நிலைமை மாறுகிறது. இடப்பக்கம் 8/15-இன் வர்க்கம், அதாவது 64/225. வலப்பக்கம் 1/9 + 2/15 + 1/25. பகுதியை (பின்னத்தின் கீழ் எண்ணை) 225 ஆக்கினால் 25 + 30 + 9, அதே 64. இங்கே 9, 15, 25 என்ற பகுதிகளே எந்த மாறி எத்தனை முறை பெருக்கப்பட்டது என்பதைக் காட்டிக்கொடுக்கின்றன. 2க²ச என்று எழுதியிருந்தால் அந்த உறுப்பு 2/45 ஆகி, மொத்தம் 44/225 என்று வந்து பிழை உடனே வெளிப்பட்டிருக்கும். பொதுக் காரணி இல்லாத பகுதிகளை நான் வற்புறுத்துவது இதனால்தான். பின்னத்தைத் தசமமாக்கி 0.33 என்று சுருக்கினால் இந்தத் துல்லியம் போய்விடும்.

பின்னத்திலும் பொறி உண்டு. க = 3/7, ச = 4/7 என்று பிரதியிட்டால் க² + ச, க + ச² இரண்டும் 37/49 ஆகின்றன; ஆனால் க² + ச = க + ச² என்பது முற்றொருமை அன்று. இரண்டின் வேறுபாடு (க − ச)(க + ச − 1) என்பதால், கூட்டுத்தொகை 1 ஆகும் எந்த இணையும் நம்மை ஏமாற்றும்.

விரித்தெழுதுவது மட்டுமே நிறுவல் என்று சொல்வதும் முழுச் சரியன்று. ஒரே மாறியில் படி (மாறியின் மிக உயர்ந்த அடுக்கு) 3-க்கு மிகாத இரு பல்லுறுப்புக் கோவைகள் நான்கு வெவ்வேறு மதிப்புகளில் ஒத்துப்போனால் அவை முற்றும் சமமே. (க + 1)³ = க³ + 3க² + 3க + 1 என்பதை நிறுவ 0, 1, −1, 2 போதும்; அங்கே பின்னத்துக்குத் தேவையே இல்லை. நம் முதல் முற்றொருமையிலோ ஒவ்வொரு மாறியிலும் படி 2 என்பதால், ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்புகள் எடுத்து ஒன்பது இணைகளைச் சோதிக்க வேண்டும். அதைவிட (க + ச)(க + ச) என்று எழுதி விரிப்பது விரைவில் முடிந்துவிடும்.