களியக்காவிளையில் கட்டன் சாயாவும் அவலோசு உருண்டையும்

களியக்காவிளைச் சந்தைக்குப் போகும் சாலையோரம், பெயர்ப்பலகை இல்லாத சிறிய தேநீர்க் கடை ஒன்று இருக்கிறது. அங்கே கட்டன் சாயாவுடன் (பால் சேர்க்காத தேநீர்) கிடைக்கும் அவலோசு உருண்டையைப் போல வறுப்புப் பதம் கூடி வந்த உருண்டையை இந்த வட்டாரத்தில் வேறெந்தக் கடையிலும் நான் உண்டதில்லை.

களியக்காவிளை அடங்கிய, கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு பகுதி 1956 நவம்பர் 1-இல் சென்னை மாநிலத்துடன் இணைந்துவிட்டாலும், திருவிதாங்கூர்க் காலத்துப் பலகாரங்கள் இங்குள்ள அடுக்களைகளைவிட்டுப் போகவில்லை. அவற்றில் கைப்பக்குவத்தை மிகுதியாகக் கேட்பது இந்த உருண்டை. ஊறவைத்து நீர் வடித்த பச்சரிசியைக் கரகரப்பாக இடித்து, தேங்காய்த் துருவலைச் சேர்த்துப் பிசிறி, தேங்காயின் ஈரம் மாவில் இறங்கும்வரை மூடிவைத்து, பிறகு சீரகத்துடன் அகன்ற உருளியில் சிறு தீயில் கைவிடாமல் கிளறி வறுத்து, வெல்லப் பாகில் சேர்த்து உருண்டையாகப் பிடிக்க வேண்டும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் துருவல் கருகிவிடும். மாவின் பச்சை வாடையோ போகாது. இந்தக் கடை உருண்டையைப் பிட்டுப் பார்த்தால், மாவு ஆற்றுமணல்போல் பொலபொலவென்று ஒரே பழுப்பு நிறத்தில் உதிர்கிறது. வாயில் இட்டதும் முதலில் எழுவது வறுத்த அரிசியின் மணம். வெல்லமும் ஏலக்காயும் அதற்குப் பின்னரே வருகின்றன.

உருண்டை கடினமாகத்தான் இருக்கும், அது அதன் இயல்பு. ஆனால் பாகு முற்றிப்போய்க் கல்லாக இறுகிவிடுவது வேறு. அந்தக் குறை இங்கே இல்லை. பால் கலந்த தேநீர் கேட்டவரிடம், “இதுக்குக் கட்டன்தான் மக்களே சேரும்” என்று கடையை நடத்தும் அம்மா சொன்னது முற்றிலும் சரி. பாலின் கொழுப்பு வறுப்பு மணத்தை அமுக்கிவிடுகிறது.

குறை ஒன்று உண்டு. மழைக்காலத்தில் கண்ணாடி ஜாடியின் அடியில் கிடக்கும் உருண்டைகளில் தேங்காயின் காறல் வாடை லேசாகத் தட்டுகிறது. ஜாடியைக் காலியாக்கிய பிறகே புதியவற்றைப் போட்டால் இது நேராது. இவ்வளவு பாடுபட்டுச் செய்த பண்டத்துக்கு அந்தக் கவனமும் வேண்டும்.

ஓர் உருண்டை 12 ரூபாய். வெளியூர் கொண்டுபோக வேண்டுவோர் முந்தின நாளே சொல்லிவைத்தால், புதிதாகப் பிடித்து வாழைச் சருகில் பொதிந்து தருகிறார்கள்.