மாலத்தீவு வாட்டர் வில்லா பேக்கேஜ் எடுக்கப் போறீங்களா, இதைப் படிச்சுட்டு பணம் கட்டுங்க

கல்யாண நாளுக்கு வொய்ஃபோட மாலத்தீவு போலாம்னு ஒரு டிராவல் ஏஜென்ட்கிட்ட பேக்கேஜ் போட்டேன். கடல் மேல வில்லா, எல்லாம் அடக்கம், அங்க போய் ஒரு ரூபா எடுக்க வேணாம் சார்னு வாய்ஸ் நோட்டே அனுப்பியிருந்தான். பேரு போடல, இதே டயலாக் பேசுற ஆளுங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க.

அவன் போட்ட ஃபிளைட் மாலத்தீவு வெலானா ஏர்போர்ட்ல இறங்குறப்பவே பொழுது சாஞ்சாச்சு. அங்கிருந்து ரிசார்ட் தீவுக்குப் போற சீபிளேன் (தண்ணில இறங்குற குட்டி விமானம்) பகல்ல மட்டும்தான் ஓடும், இருட்டுனா கிடையாது, இது மாலத்தீவு டிக்கெட் போடுற எவனுக்கும் தெரியணும். அன்னிக்கு ராத்திரி ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துல இருக்குற ஹுல்ஹுமாலேல கைக்காசு போட்டு ரூம். காலைல கவுண்டருக்குப் போனா சீபிளேன் சார்ஜ் பேக்கேஜ்லயே இல்லங்குறாங்க, ஆளுக்கு 400 டாலருக்கு மேல, லக்கேஜ் வெயிட் கூடுனதுக்கு தனியா வேற.

சரி வில்லாவாவது நல்லா இருக்கும்னு போனா, எங்களுக்குக் கொடுத்தது சரக்கு இறக்குற ஜெட்டிக்கு எதிர்ல. விடியுறதுக்கு முன்னாடியே படகு வந்து நிக்கும், கேஸ் சிலிண்டரை மரப்பலகைல கடகடன்னு உருட்டுவாங்க, கதவைத் தொறந்தா டீசல் வாடை. ஏணில இறங்குனா முழங்கால் அளவு தண்ணி, கீழ கடல்புல்லு. மீன் பாக்கணும்னா ரீஃபுக்கு (பவளப்பாறைக்கு) போட்ல போகணும், அதுக்கும் பில்லு.

பில்லுன்னதும் ஞாபகம் வருது, அங்க மெனுல விலைக்குப் பக்கத்துல ரெண்டு பிளஸ் குறி இருக்கும் பாருங்க, அதுதான் பெரிய கண்ணி. 10% சர்வீஸ் சார்ஜ், அதையும் சேர்த்த தொகை மேல 17% ஜிஎஸ்டி (2025 ஜூலைல 16ல இருந்து ஏத்துனது), ஆக 100 டாலர் சாப்பாடு 128 டாலரைத் தாண்டிடும். டூரிஸ்ட்கிட்ட வாங்குற கிரீன் டாக்ஸ் தனி, ரிசார்ட்ல ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர். எங்க பேக்கேஜ்ல "எல்லாம் அடக்கம்"னது காலை டிபனும் ராத்திரி சாப்பாடும் மட்டும், மத்தியானம் குடிச்ச தண்ணி பாட்டில் வரைக்கும் செக்அவுட் பில்லுல வரிசையா நிக்குது.

புக் பண்றவங்க சீபிளேனா ஸ்பீட்போட்டா, அது ரேட்டுல சேர்ந்திருக்கா, டாக்ஸ் சேர்த்து மொத்தம் எவ்வளவு, வில்லா எந்தப் பக்கம், எல்லா நாளும் தண்ணி மேலதானா இல்ல பாதி நாள் பீச் ரூமா, இதெல்லாம் ஏஜென்ட்கிட்ட இல்லாம ரிசார்ட்டுக்கே மெயில் போட்டு எழுத்துல வாங்குங்க. டிசம்பர் கடைசில போறவங்க கிறிஸ்துமஸ், நியூ இயர் டின்னர் கட்டாயமான்னும் கேளுங்க, பல இடத்துல அதுக்கு தனியா பணம் கறக்குறாங்க. மே மாசத்துக்கு மேல அங்க மழை சீசன், ரேட் கம்மியா இருக்குறதுக்கு காரணம் அதான்.

திரும்பி வந்து அந்த வாய்ஸ் நோட்டைப் போட்டுக் காட்டுனா "அது ரிசார்ட் பாலிசி சார்"ங்குறான். இப்ப 5000 ரூபா வவுச்சர் தர்றானாம், அதையும் அவன்கிட்டயே அடுத்த ட்ரிப் போட்டாதான் கழிச்சுக்கலாமாம்.