குமரிக் கடைகளின் மட்டா அரிசி: சர்க்கரை உள்ளவர்கள் வாங்கலாமா?

மார்த்தாண்டம், களியக்காவிளைக் கடைகளில் சிவப்புப் புழுங்கலரிசி மூட்டையில் சம்பா என்றும், பாக்கெட்டில் வடி மட்டா, உண்ட மட்டா என்றும் கிடைக்கிறது. பெயரை விடுங்கள், தவிட்டைப் பாருங்கள். மணி முழுக்கச் சிவப்பு மூடியிருந்தால் தீட்டல் குறைவு. வெள்ளை மணியில் சிவப்புக் கோடு மட்டும் ஓடினால் நார்ச்சத்தில் பெரும்பகுதி ஆலையிலேயே போய்விட்டது. அதற்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். கழுவும்போது முதல் தண்ணீர் லேசாகச் சிவக்கும், அது இயல்பு. மூன்றாவது தண்ணீரும் அடர்சிவப்பாக வந்து மணி வெளுத்தால் சாயம் என்று சந்தேகிக்க வேண்டும். அந்த அரிசியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தவிடு உள்ள அரிசி மெதுவாக வேகும். ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் விட்டு, குக்கரில் நாலைந்து விசில் போதும். கஞ்சித் தண்ணீரை வடித்துவிடலாம். ஊறாமல் போட்டால் நடு மணி விறைத்து நிற்கும். அதைச் சரிசெய்யக் கூடுதல் விசில் விட்டால் மணி வெடித்துக் குழையும், குழைந்த சோறு சர்க்கரையை வேகமாக ஏற்றும்.

அளவில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். சிவப்பரிசி என்றதும் ஒரு கரண்டி கூடுதலாகப் போடுகிறார்கள். ஆனால் 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து வெள்ளைக்கும் மட்டாவுக்கும் ஏறத்தாழ ஒன்றே, 75 கிராமுக்கு மேல். மட்டா தண்ணீரை அதிகம் இழுத்து உப்புவதால் சோற்றை அளந்தால் கணக்கு தப்பும். வேகவைக்கும் முன் அரிசியாகவே, ஒருவருக்கு ஒரு நேரத்துக்கு 50 கிராம் என எடை போடுங்கள். அதில் மாவுச்சத்து 38 கிராம் அளவுக்கு வரும். கூட சாளை மீன் குழம்பு, தட்டில் பாதி அளவுக்கு முருங்கை இலை அல்லது முட்டைக்கோஸ் துவரன் (தேங்காய் போட்ட பொரியல்). மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) வைக்கிற நாளில் சோறு வேண்டாம், 100 கிராம் பச்சைக் கிழங்கிலேயே 38 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. கஞ்சியும் பயறும் என்றால் பயறையும் கணக்கில் சேருங்கள்: 30 கிராம் பயறுக்கு மாவுச்சத்து 17 கிராம்.

வெள்ளைச் சோற்றை விட வயிறு நிறைந்து நிற்கிறது, சுவையும் நம் மீன்குழம்புக்கு ஒத்துப்போகிறது. அந்த வகையில் நல்ல அரிசி, தாராளமாக வாங்கலாம். உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறதா என்பதை முதல் வாய்ச் சோற்றிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து சர்க்கரை பார்க்கும் மீட்டரில் பாருங்கள். இன்சுலினோ கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைச் சட்டென்று பாதியாகக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். குறைக்கும் முன் டாக்டரிடம் மருந்தளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.