சும்மா ஊர் சுற்ற எந்த வண்டி? பறக்கும் ரயில், மெட்ரோ, லோக்கல், 29சி பேருந்து

வேலைக்கு ஓடுகிறவருக்கு எந்த வண்டி சீக்கிரம் போய்ச் சேரும் என்பதுதான் கணக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கையில் இருக்கிறது, சென்னையைச் சும்மா பார்க்கலாம் என்று கிளம்புகிறவருக்குக் கணக்கு வேறு. எந்த ஜன்னலில் ஊர் தெரிகிறது, நினைத்த இடத்தில் இறங்க முடிகிறதா, இறங்கி ஏறும் ஒவ்வொரு தடவையும் எவ்வளவு செலவாகிறது, எங்கே மாட்டிக்கொள்வோம் என்பவைதான் அவருக்கு முக்கியம். வேகத்தை அளவுகோலாக வைத்தால் மெட்ரோவை மற்றவை நெருங்க முடியாது. இந்த நாலையும் வைத்துப் பார்த்தால் முதலிடம் தூண்களின் மேல் ஓடும் பறக்கும் ரயிலுக்கு. அதன் ஸ்டேஷன்களை நொந்துகொள்ளாதவர் இல்லை என்றாலும் முதலிடம் அதற்குத்தான்.

முதலில் காசு. லோக்கல் என்கிற புறநகர் மின்சார ரயில், பறக்கும் ரயில் இரண்டிலும் சாதாரண வகுப்புக் கட்டணம் 5 ரூபாயில் தொடங்குகிறது. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை போனாலும் 10 ரூபாய்தான். மெட்ரோவில் குறைந்தது 10, அதிகபட்சம் 50. க்யூஆர் டிக்கெட்டுக்கும் பயண அட்டைக்கும் 20 சதவீதம் தள்ளுபடி உண்டு. மாநகரப் பேருந்தில் சாதாரண வண்டிக்கு 5, டீலக்ஸுக்கு 11, ஏசிக்கு 15 என்று ஆரம்பம். ஒரு நாளில் ஆறு இடத்தில் இறங்கி ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் முப்பது ரூபாய்க்கு அக்கம்பக்கம் முடிந்துவிடும். மெட்ரோவில் அறுபதிலிருந்து நூற்றிருபது வரை போகும். பெண்களுக்குச் சாதாரணப் பேருந்தில் 2021 மே மாதத்திலிருந்து கட்டணமே இல்லை, ஆகவே நாள் முழுக்கச் சுற்றினாலும் செலவு பூஜ்யம். காசை மட்டும் பார்க்கிற பெண்ணுக்கு வேறு எந்த வண்டியைப் பற்றியும் யோசிக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ரயில் டிக்கெட்டோ மெட்ரோ டிக்கெட்டோ, நடுவில் இறங்கி வெளியே வந்துவிட்டால் அதோடு சரி; மறுபடி ஏற வேறு டிக்கெட் எடுக்க வேண்டும். அதனால் மெட்ரோவில் திட்டமில்லாமல் சுற்றுகிறவர் க்யூஆர் எடுக்கக் கூடாது. அதில் இறங்கும் ஸ்டேஷனை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். அதைத் தாண்டிப் போய் இறங்கினால் கதவு திறக்காது, உதவி மையத்தில் நின்று மீதிக் காசைக் கட்ட வேண்டியிருக்கும். முன்கூட்டியே பணம் ஏற்றி வைக்கும் சிங்காரச் சென்னை பயண அட்டை இருந்தால் மனம் போன ஸ்டேஷனில் இறங்கலாம், கட்டணத்தைக் கதவே கழித்துக்கொள்ளும். 2025 ஜனவரியிலிருந்து அதே அட்டை மாநகரப் பேருந்திலும் செல்லுபடியாகிறது, சில்லறைத் தகராறும் ஒழிந்தது. 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலி பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூஆர் தருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் புறப்படும் இடமும் சேரும் இடமும் தெரிந்தவருக்கான ஏற்பாடு அது.

பறக்கும் ரயில்

கடற்கரை முதல் வேளச்சேரி வரை சுமார் 20 கிலோமீட்டர், 18 ஸ்டேஷன். 1995 நவம்பரில் சேப்பாக்கம் வரை, 1997-இல் திருமயிலை (மயிலாப்பூர்) வரை, 2004-இல் திருவான்மியூர் வரை, 2007-இல் வேளச்சேரி வரை என்று தவணை தவணையாக நீண்டது. இது ஏன் இப்படி ஊரின் கொல்லைப்புறமாகப் போகிறது என்று முதல் தடவை ஏறுகிறவர்கள் கேட்பார்கள். காரணம் பக்கிங்காம் கால்வாய். நெரிசலான ஊருக்குள் வீடுகளை இடித்து நிலம் எடுப்பதை விடக் கால்வாயின் மேலும் கரையிலும் தூண் நடுவது சுலபமாக இருந்தது. கால்வாய்க்கு அது கேடு. ஒரு காலத்தில் படகு ஓடிய நீர்வழி இன்று தூண்களுக்கு நடுவே தேங்கிக் கிடப்பதை ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். பார்க்க வேண்டும் என்றுகூடச் சொல்வேன். இந்த ஊர் எதை விட்டுக்கொடுத்து எதை வாங்கிக்கொண்டது என்பது இவ்வளவு பச்சையாக வேறெங்கும் தெரியாது.

அந்த வழித்தடத்தால் ஒரு லாபமும் உண்டு. கடைத்தெருக்களின் முகப்பைப் பார்க்காமல், வீடுகளின் மாடியையும் பின்பக்கத்தையும் பார்த்தபடி போகிறீர்கள். கொடியில் காயும் துணி, தண்ணீர் டேங்க், வடாம் காயும் மொட்டை மாடி, மைதானமில்லாத பையன்கள் கிரிக்கெட் ஆடும் சந்து. இதெல்லாம் இரண்டு மூன்று மாடி உயரத்திலிருந்து, திறந்த ஜன்னல் வழியாக, காற்றோடு. மெட்ரோவின் மூடிய கண்ணாடி இதைத் தராது.

வேளச்சேரி நோக்கிப் போகையில் இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். கலங்கரை விளக்கம் ஸ்டேஷனை ஒட்டிக் கடல் இருக்கும் திசை அது. அங்கே இறங்கினால் மெரினா நடக்கும் தூரம்தான். கலங்கரை விளக்கத்தின் மேலே ஏறிப் பார்க்கலாம், ஆனால் திங்கட்கிழமை மூடியிருக்கும். கிரீன்வேஸ் சாலைக்கும் கோட்டூர்புரத்துக்கும் நடுவே அடையாற்றைக் கடக்கும்போது இரண்டு பக்கமுமே பார்க்கலாம். பெருங்குடி தாண்டி வண்டி மேற்கே திரும்பிப் போகிற இடத்தில், மறுபடி இடப்பக்கம், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மிச்சம் தெரியும். உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று 2022-இல் ராம்சார் தகுதி பெற்ற இடம். மழைக்காலம் முடிந்த மாதங்களில் தண்ணீரும் பறவையுமாக இருக்கும், கோடையில் வெறும் கோரைப்புல். நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் சரியான பருவம்.

இனி குறைகள். ஸ்டேஷன்கள் தேவைக்கு மேல் பெரியவை. நாலு மாடிக் கட்டடம், உள்ளே பெரும்பாலும் காலி. கடைகளும் அலுவலகங்களும் வரும் என்று நினைத்துக் கட்டிய இடங்களில் எதிர்பார்த்த அளவு எதுவும் வரவில்லை. எஸ்கலேட்டர் ஓடும் என்று நம்பி வயதானவர்களை அழைத்துப் போகாதீர்கள். நின்றுபோயிருந்தால் நாலு மாடிப் படி காத்திருக்கும். இரவு எட்டரைக்கு மேல் சில நடைமேடைகளில் ஆளே இருக்க மாட்டார்கள், தனியாகப் போகிற யாருக்கும் அது நல்ல நேரமில்லை. பகலில் ஒரு வண்டியை விட்டால் அடுத்ததுக்குக் கணிசமாகக் காத்திருக்க நேரும், ஞாயிறு அட்டவணையில் வண்டிகள் இன்னும் குறைவு. தண்டவாளப் பராமரிப்பும் பெரும்பாலும் ஞாயிறன்றுதான் வரும். முதல் நாள் இரவே தெற்கு ரயில்வேயின் அறிவிப்பைப் பார்த்துவிட வேண்டும்.

டிக்கெட் விஷயத்தில் பலர் சறுக்கும் இடம் இது: நடைமேடையில் நின்றுகொண்டு ரயில்வேயின் ரயில்ஒன் செயலியில் டிக்கெட் எடுக்கப் பார்ப்பார்கள், எடுக்க வராது. தண்டவாளத்துக்கு மிக அருகே இருந்தால் செயலி மறுத்துவிடும். ஸ்டேஷனுக்கு வெளியே தெருவிலேயே எடுத்துவிட வேண்டும், அல்லது கவுன்டர் பக்கம் ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ய வேண்டும். எடுத்த டிக்கெட்டில் ஒரு மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்கியாக வேண்டும், ஆகவே காலையிலேயே எடுத்து வைத்துக்கொள்வதும் ஆகாது. இன்னொன்று, காலியாக இருக்கிறதே என்று சந்தோஷமாக ஏறும் பெட்டி முதல் வகுப்பாக இருக்கலாம். சாதாரண டிக்கெட்டோடு அதில் உட்கார்ந்து அபராதம் கட்டுகிறவர்கள் தினமும் உண்டு.

மெட்ரோ

2015 ஜூன் 29-இல் கோயம்பேடு–ஆலந்தூர் என்று தொடங்கி, முதல் கட்டமும் அதன் நீட்சியுமாக 54 கிலோமீட்டர் ஓடுகிறது. சுத்தம், குளிர், நேரம் தவறாமை என்று எதிலும் குறை சொல்ல முடியாது. காலை ஐந்து மணிக்கு முதல் வண்டி, இரவு பதினொன்றுக்குக் கடைசி. மே மாத மதியம் இரண்டு மணிக்கு ஊர் பார்க்கும் ஆசையெல்லாம் வடிந்த பிறகு, அருகே இருக்கும் மெட்ரோ ஸ்டேஷனுக்குள் நுழைவதுதான் புத்தி.

ஆனால் ஊரின் பார்க்க வேண்டிய பகுதி முழுவதையும் அது மண்ணுக்கடியில் கடக்கிறது. வண்ணாரப்பேட்டை, மண்ணடி, உயர் நீதிமன்றம், சென்ட்ரல், அண்ணா சாலை முழுக்க, சைதாப்பேட்டை வரை சுரங்கம். பச்சை வழித்தடத்திலும் சென்ட்ரலிலிருந்து திருமங்கலம் வரை அப்படித்தான். மண்ணடியில் ஏறி ஆயிரம் விளக்கில் இறங்குகிறவர், நடுவில் இருந்த பாரிமுனையையும் கூவம் ஆற்றையும் அண்ணா சாலையின் சிம்சன் கட்டடத்தையும் பார்க்கவே இல்லை. அவரைப் பொறுத்தவரை அந்த இரண்டு இடங்களும் ஒரே வெள்ளைச் சுவரின் இரண்டு முனைகள்.

மேலே வரும் இடங்களில் இரண்டு பகுதிகள் தேறும். ஒன்று கிண்டியிலிருந்து ஆலந்தூர்: கத்திப்பாரா மேம்பாலத்தின் வளையங்களுக்கு மேலே போகும். தரையில் வண்டி ஓட்டும்போது தலை சுற்ற வைக்கும் அந்தச் சந்திப்பின் வடிவம் அங்கிருந்து பார்த்தால்தான் புரியும். இன்னொன்று வடசென்னை, 2021 பிப்ரவரியில் திறந்த விம்கோ நகர் நீட்சி. திருவொற்றியூர் தேரடியில் இறங்கினால் வடிவுடையம்மன் கோயில் பக்கத்தில். தென்சென்னையில் வளர்ந்த பலர் அந்தப் பக்கமே போனதில்லை. அவர்களுக்கு மெட்ரோ செய்திருக்கும் பெரிய உபகாரம் இதுதான்.

லோக்கல்

1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது, அன்று அது மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம். இந்த ஊர் தெற்கே நீண்டதே இந்தத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டுதான். ஜன்னல் காட்சியில் பறக்கும் ரயிலுக்கு ஈடாகாது. பல இடங்களில் மதில் சுவரைத்தான் பார்த்துக்கொண்டு போவீர்கள். இறங்கும் இடங்களில்தான் இதன் பலம். மாம்பலத்தில் படி இறங்கினால் நேராக ரங்கநாதன் தெரு. கூட்டம் பயமாக இருந்தால் 2023 மே மாதம் திறந்த ஆகாய நடைபாலம் வழியாக தி.நகர் பேருந்து நிலையத்துக்குப் போய்விடலாம், தெருவை மேலிருந்து பார்த்தபடியே. எழும்பூரில் 1908-இல் திறந்த கட்டடமே பார்க்கத் தக்கது. வடக்கே போகும் வண்டியைப் பிடித்தால் கடற்கரைக்கு அடுத்த ஸ்டேஷன் ராயபுரம். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட இடம் அது. ஊர்க்காரர்களுக்கே பாதிப் பேருக்குத் தெரியாது, ஆகவே கூட்டமும் இருக்காது.

செங்கல்பட்டு வண்டிகளில் சில ஃபாஸ்ட். தாம்பரத்துக்கு முன்னால் பல ஸ்டேஷன்களில் நிற்காது. அறிவிப்பைக் காதில் வாங்காமல் ஏறினால் கோடம்பாக்கமோ பழவந்தாங்கலோ ஜன்னலில் ஓடிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். 2025 ஏப்ரலில் வந்த ஏசி வண்டிக்குக் குறைந்த கட்டணமே 35 ரூபாய், சாதாரண டிக்கெட்டோடு ஏறக் கூடாது.

பேருந்து

ஊரின் பேச்சைக் கேட்க வேண்டுமானால் பேருந்துதான். கண்டக்டரின் விசிலும், பின்படியில் நிற்பவர் முன்னால் கைமாற்றி அனுப்பும் சில்லறையும், இறங்கும் இடம் தெரியாதவருக்கு நாலு பேர் சேர்ந்து வழி சொல்வதும் வேறு வண்டியில் கிடையாது. ஒரே ஒரு வழித்தடம் போதும் என்றால் 29சி. பெரம்பூரில் ஏறி நுங்கம்பாக்கம், ஜெமினி, மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு வழியாகப் பெசன்ட் நகர் வரை. ரயில்வே பணிமனைக் குடியிருப்பில் தொடங்கிக் கடற்கரை மணலில் முடிகிற ஒரு குறுக்குவெட்டு அது. வடக்கும் தெற்கும் ஒரே டிக்கெட்டில் கண் முன்னால் மாறும்.

ஆண்கள் வலப்பக்க ஜன்னலுக்குத்தான் ஆசைப்பட வேண்டும், இடப்பக்க வரிசை பெண்களுக்கானது. இடம் வேண்டுமானால் புறப்படும் நிலையத்திலேயே ஏற வேண்டும், நடுவில் ஏறினால் மற்றவர் தோளைத்தான் பார்க்கலாம். மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்காகத் தோண்டிய சாலைகளில் நிறுத்தங்கள் இடம் மாறியிருக்கின்றன, மயிலாப்பூர்ப் பக்கம் குறிப்பாக. பழைய நிழற்குடையில் காத்திருக்காமல் பக்கத்துக் கடையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. மாலை ஐந்திலிருந்து எட்டு வரை வண்டி நகராது. அந்த நேரத்தில் பேருந்தில் ஊர் பார்ப்பது தண்டனை.

ஷேர் ஆட்டோவைத் தனியாக எடைபோட ஒன்றுமில்லை. ஸ்டேஷனிலிருந்து கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு உதவும், அவ்வளவே. ஏறும் முன் காசைக் கேட்டுவிடுங்கள்.

ஒரு நாளைக்கு என்றால் இப்படிச் சேர்க்கலாம். காலை எட்டு மணிக்குள் கடற்கரை ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறி, இடப்பக்க ஜன்னலில் வேளச்சேரி வரை போய்விட்டு, அங்கே புது டிக்கெட் எடுத்து அதே தடத்தில் திருமயிலைக்குத் திரும்புங்கள். அங்கிருந்து மாட வீதிக்குப் பத்து நிமிட நடை. மதியம் கபாலீசுவரர் கோயில் நடை சாத்திவிடும், அதை மனதில் வையுங்கள். வெயில் நேரத்தைச் சாப்பாட்டிலும் நிழலிலும் கழித்துவிட்டு, நாலு மணி வாக்கில், நெரிசல் கட்டுவதற்குள் 29சி பிடித்தால் வெளிச்சம் இருக்கும்போதே பெசன்ட் நகர் மணலில் இருக்கலாம். திரும்பும்போது இந்திரா நகர் ஸ்டேஷன் கிட்டத்தில் இருக்கிறதே என்று தோன்றும். மணி எட்டைத் தாண்டியிருந்தால் அந்தப் படிகளில் ஏற வேண்டாம், பெசன்ட் நகர் நிலையத்திலேயே அடுத்த பேருந்தில் உட்காருங்கள். அங்கிருந்துதான் வண்டி புறப்படுகிறது என்பதால் ஜன்னல் இடம் கிடைக்கும்.